பொன்னுருக்கு அன்று வந்த அழைப்பு

தம்பி,

நீ கீழே பேஸ்மென்ட்டில் இருக்கிறாய், நான் மேலே குசினி மேசையில் இருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனை நீ கண்டிருக்க மாட்டாய். சுகமா என்று கேட்கத் தேவையில்லை, நீ தும்முவது இங்கே கேட்கிறது. அம்மாவும் சித்தியும் பலகாரத்துக்குச் சொல்லிவைத்த வீட்டுக்கு, வோபர்ன் பக்கம் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் இதை முடிக்க வேண்டும். முகத்துக்கு நேரே சொல்லலாம்தான். ஆனால் என்னை உனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் நினைத்ததில் பாதிகூட வராது, நினைக்காதது முழுவதும் வந்துவிடும். எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தரம் எழும்பிப்போய் யன்னலால் வெளியே பார்த்தேன் என்று கேட்காதே. தேத்தண்ணி ஊற்றினேன், அதுவும் குடிக்காமல் ஆறிப்போய்க் கிடக்கிறது.

முந்தாநாள் உன் தாலிக்குப் பொன்னுருக்கியபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நானும் அங்கேதானே நின்றேன் என்பாய். நீ பாதி நேரம் கழிப்பறைக்குள் போனோடு நின்றாய், வெளியில் நடந்தது உனக்குத் தெரியாது. மழை தூறியதால் கராஜில் வைக்க இருந்ததை ஹோலுக்கு மாற்றினோம். அதுதான் பிழையாகப் போயிற்று. பத்தர் சட்டிக்குள் கரியைப் போட்டு ஊதத் தொடங்கியதும் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. உன் சித்தப்பா தும்புத்தடியால் அதை அடித்து விழுத்தப் பார்த்தார், அது விழவில்லை, பக்கத்தில் இருந்த சாமிப்படம்தான் சரிந்தது. அம்மா ஒருபக்கம் “கதவைத் திறவுங்கோ, கதவைத் திறவுங்கோ” என்று கத்தினாள். நீ வெற்றிலையில் வைத்துக் கொடுத்த பவுண் சட்டிக்குள் போய்விட்டது. அந்த அமளிக்குள்தான் உன் போன் அடித்தது. நீ இலக்கத்தைப் பார்த்தாய், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாய். பத்தர் நிமிர்ந்து, “மாப்பிள்ளை எங்கை? பொன் உருகேக்குள்ள மாப்பிள்ளை நிக்கோணும்” என்றார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. நீ திரும்பி வந்தபோது பொன் உருகி முடிந்து பத்தரின் குறட்டில் இருந்தது. “குறையொண்டுமில்லை, நல்லாய்த்தான் வந்திருக்கு” என்று அவர் பெரிய மனதோடு சொன்னார்.

எல்லாரும் சாப்பிடப் போனபின் நீ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். நான் வந்து யார் கதைத்தது என்று கேட்டேன்.

“ஒஹாயோவில எனக்குக் கோச்சா இருந்தவர், அப்பா. இப்ப கன்சாஸ் பக்கம் ஒரு கிளப்பில நிக்கிறார். அவையின்ர ஃபோர்வேர்ட்டுக்குக் கால் முறிஞ்சுபோச்சாம். வெள்ளிக்கிழமை வரச்சொல்லுறார். ரண்டு நாள் விளையாட விட்டுப் பாப்பினமாம், பிடிச்சா சீசன் முடியுமட்டும் வைச்சிருப்பினமாம்.”

“நீ என்ன சொன்னனி?”

“அப்பாட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டன்.”

முப்பத்திமூன்று வயது மனிதன், இன்னும் சில நாளில் தாலி கட்டப்போகிறவன், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாய். அந்த நேரம் அது எனக்கு உறைக்கவேயில்லை. எனக்கு வந்த சந்தோசப் புழுகத்தில் உன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், ஞாபகமா? அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த இடத்தில் நோவு இருப்பது எனக்கு நினைவு வந்தது. அதற்குள் அம்மாவுக்கு விஷயம் போய்விட்டது. அகப்பையோடு வந்து நின்றாள். “பொன்னுருக்கினாப் பிறகு மாப்பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. உவன் பிளேன் ஏறப்போறானோ? செத்தவீடு நடந்தாலும் நிப்பாட்டக்கூடாத கலியாணம், பந்தடியால நிக்கிறதோ?” என்றாள். கலியாணம் நிற்காது, ஞாயிறு இரவே திரும்பிவிடுவான் என்று நான் வாதாடினேன். ஆனால் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சங்கதி வாசல் தாண்டுவதில் மட்டும் இல்லை. அவர்களுக்கு உன்னைப் பிடித்துவிட்டால் கலியாணம் முடிந்த கையோடு நீ கன்சாஸ் போவாய். ஒஷாவாவில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் வேலை, நீ முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நிரந்தர வேலை, உனக்காகக் காத்திருக்காது. பெண் வீட்டார், மதுராவின் அம்மா அப்பா, அந்த வேலையைக் கேள்விப்பட்ட பிறகுதான் முகம் மலர்ந்தார்கள் என்பதையும் மறக்காதே.

நான் இதுவரை உன் பக்கம் நின்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர் கேட்கிற கேள்விகளுக்கு மறுமொழி சொன்னது நான்தானே. பிறந்தநாள் ஹோலுக்குப் போனால், சாமத்தியவீட்டுக்குப் போனால், கையில் பேப்பர் கோப்பையோடு யாராவது ஒருவர் வருவார். “அண்ணை, மகன் இப்ப எவடத்தில?” என்பார். போன வருடம் சொன்ன ஊரை இந்த வருடம் சொல்ல முடியாது, நீ அதற்குள் வேறு ஊரில் நிற்பாய். ஒரு கிளப் உன்னை இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுக்கும், அது உன்னை விற்கும், வாங்கினவன் சீசன் முடிய விட்டுவிடுவான். உன்னை மாற்றிவிட்ட செய்தியே ஒருமுறை நீ உடுப்புத் தோய்க்கிற கடையில் நிற்கும்போது போனில்தான் வந்தது. ஈரஉடுப்போடு அடுத்த ஊருக்குப் போனேன் என்று நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நானும் சிரித்தேன். “ரீவியில எப்ப வருவார்?” என்று கேட்பவர்களுக்குக் காட்ட என் போனில் ஒரு வீடியோ வைத்திருந்தேன். பந்து உன் முதுகில் பட்டு கோலுக்குள் போன அந்தக் கோல். முதுகில் பட்டது தெரியாதபடி, பந்து வலைக்குள் இருக்கும் இடத்திலிருந்துதான் போட்டுக் காட்டுவேன். அதற்கு முன் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஒருமுறை உன் மாமாதான், “கொஞ்சம் முன்னாலயிருந்து விடும் பாப்பம்” என்றார். நான் சார்ஜ் போய்விட்டது என்றேன்.

அம்மா உன் விளையாட்டை ஒரு நாளும் முழுதாகப் பார்த்ததில்லை. உன்னை யாராவது விழுத்தினால் எழும்பிப் போய்விடுவாள். ஆனால் உன் விலாசம் எல்லாம் அவளுக்குத்தான் பாடம். மிளகாயை வறுத்து, இடிப்பித்து, பொதிசெய்து ஊர் ஊராக அனுப்பினாள். அரைவாசிப் பொதி நீ அந்த ஊரைவிட்டுப் போன பிறகுதான் போய்ச் சேரும், பிறகு முத்திரை குத்தி எங்கள் வீட்டுக்கே, இந்த மோர்னிங்சைட்டுக்கே திரும்பி வரும். வீடு முழுக்கத் தூள் மணக்கும். “உவனைவிட என்ர தூள்தான் அமெரிக்காவைக் கூடச் சுத்திப் பாத்திருக்கு” என்பாள். நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்த பொதியைப் பிரிக்கும்போது அவள் ஒன்றும் பேசமாட்டாள், அதையும் கண்டேன், கண்டும் அடுத்த கிளப் எது என்று தேடப் போய்விட்டேன்.

என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியாது, அது உனக்குத் தெரியும். ஸ்கூல் பஸ் ஓட்டிய காலத்தில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட என் கால் ஆடிக்கொண்டிருக்கும். போன வருடம் ஓய்வு எடுத்ததிலிருந்து வீட்டிலுள்ள எல்லாக் கதவுக்கும் எண்ணெய் விட்டாயிற்று, இனி விடுவதற்குக் கதவில்லை. சனிக்கிழமைகளில் உன் விளையாட்டை லைவில் போட்டுவிட்டு ஹோலுக்குள் நடப்பேன். நீ ஓடினால் நான் நடப்பேன், உன்னை இறக்காமல் ஓர வாங்கிலில் இருத்திவைத்தால் இன்னும் கூட நடப்பேன். முடிந்ததும் போன் எடுப்பேன், முதல் கேள்வி “கோல் அடிச்சனியோ?” என்பதுதான். ஒரு ஃபோர்வேர்ட்டின் தகப்பன் வேறென்ன கேட்பான் என்று நினைத்தேன். நீ பெரும்பாலும் “இல்லை அப்பா” என்று சொல்வாய். பிறகு நான்தான் கதைப்பேன். அந்தப் பாஸ் உனக்கு வந்திருக்க வேண்டும், அவன் சுயநலக்காரன், கோச்சுக்குக் கண்ணில்லை என்று அரைமணி நேரம் கதைப்பேன். நீ “ஓம் அப்பா, ஓம் அப்பா” என்றபடி கேட்டுக்கொண்டிருப்பாய். விளையாடிக் களைத்தவன் நீ, பேசிக் களைத்தவன் நான்.

ஒஹாயோவுக்கு நான் வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இடியப்பமும் சொதியும் கூலருக்குள் வைத்து, விடியுமுன் வெளிக்கிட்டு, எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு வந்தேன். ஒரு ஹைஸ்கூல் மைதானம், கூட்டம் பெரிதாக இல்லை. உங்கள் ஆட்கள் உடம்பு சூடாக்க ஓடுகிறார்கள், உன்னைக் காணவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன். யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், திரும்பினால் நீ, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு.

“என்ன தம்பி, காலில நோவோ?”

“இல்லை அப்பா. காலமை கூப்பிட்டு, இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். நீங்கள் அதுக்கு முன்னமே வெளிக்கிட்டிட்டீங்கள். பாதி வழியில வைச்சு ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்.”

அன்றைக்கு விளையாட்டு முழுவதையும் என்னோடு இருந்து பார்த்தாய். உன் இடத்தில் ஓடிய இளம் பெடியனை எனக்குக் காட்டி, “பாருங்கோ அப்பா, அவன் நல்ல கெட்டிக்காரன், பந்து வாறதுக்கு முன்னமே திரும்புறான்” என்றாய். அவன் அடித்தபோது எழும்பி நின்று கை தட்டினாய். நான் தட்டவில்லை. பிறகு கார் நிறுத்துகிற இடத்தில் எங்கள் வான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து இடியப்பம் சாப்பிட்டோம். சொதியை மூடியில் ஊற்றிக் குடித்தாய். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், “களைச்சுப்போனன் அப்பா” என்றாய். நான் என்ன சொன்னேன்? “ரண்டு நாள் நித்திரை கொள்ளு, எல்லாம் சரிவரும். வேற கிளப் வரும்.” நீ தலையாட்டினாய். நீ உடம்புக் களைப்பைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. திரும்பி ஓட்டி வரும் வழி முழுக்க எந்தெந்தக் கிளப்பில் ஃபோர்வேர்ட் குறைகிறது என்றுதான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன்.

இனி நேற்று நடந்ததைக் கேள். நீ குளித்துக்கொண்டிருந்தபோது மதுரா எனக்குப் போன் எடுத்தாள். பொன்னுருக்கிய பிறகு நீங்கள் இருவரும் சந்திக்கக்கூடாதுதான், ஆனால் மாமனாருக்குப் போன் எடுக்கக்கூடாது என்று ஒரு சாஸ்திரமும் இல்லை. அவள் அழுவாள் அல்லது கோபிப்பாள் என்று நினைத்து, சொல்வதற்கு நாலு சமாதானத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“மாமா, அவர் போறதெண்டா போகட்டும், எனக்கு ஓகே. அம்மா அப்பாவோட நான் கதைக்கிறன்,” என்றாள். “பட், அவருக்குப் போக விருப்பமோ எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?”

“இதென்ன பிள்ளை, விருப்பமில்லாமலோ? சின்னனிலயிருந்து உதுதானே அவன்ர உயிர்.”

அவள் மெதுவாகச் சொன்னாள். நீ ஒஷாவா மைதானத்தைப் பார்க்கப் போன அன்றைக்கு, திரும்பி வந்து கோப்பிக் கடையில் அவளிடம் ஒரு மணித்தியாலம் கதைத்தாயாம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, எந்தக் காலால் அடிப்பது என்று தெரியாமல் இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் அடிக்கப்போய் விழுகிறதாம். அதை எப்படித் திருத்துவது என்று கடைக் கடதாசியில் படம் கீறிக் காட்டினாயாம். “நான் அவரை அவ்வளவு சந்தோசமாக் கண்டதே இல்லை, மாமா. உங்களுக்குச் சொல்லேல்லையோ?” என்று கேட்டாள். நீ எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டது, “அங்க பெரியாக்களுக்கு ரீம் இருக்கோ, நீயும் விளையாடலாமோ?” என்றுதான். இல்லை என்றாய், கீழே போய்விட்டாய். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றேன். நான் ஒரு இடத்தில் வெகுநேரம் நின்றேன் என்றால் பார்த்துக்கொள்.

நின்றும் புத்தி வரவில்லை. நேற்றுப் பின்னேரம் வானுக்குப் பெற்றோல் அடித்தேன். உன் சப்பாத்துப் பையை எடுத்து, அம்மா காணாமல், பின்சீற்றுக்குக் கீழே பழைய போர்வையால் மூடி வைத்தேன். வெள்ளி விடியப்புறம் அம்மா எழும்புமுன் உன்னைக் கொண்டுபோய் பஃபலோவில் பிளேன் ஏற்றுவது என்று திட்டம். கலியாண வீட்டில் பெண்ணைக் கடத்துவார்கள், மாப்பிள்ளையை அவனுடைய தகப்பனே கடத்த வெளிக்கிட்டதை நீ எங்கும் கேட்டிருக்க மாட்டாய். இன்று காலையில் இதைச் சொல்லத்தான் கீழே வந்தேன். நீ என்னைக் காணவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து வலது குதிக்காலைக் கையால் பிடித்துப் பிடித்து இளக்கிக்கொண்டிருந்தாய். பிறகு சுவரைப் பிடித்து எழும்பி, ஓரமாகக் கால் வைத்து, வயது போன ஆட்கள் நடக்கிற மாதிரி கழிப்பறைக்குப் போனாய். என் முழங்காலும் காலையில் அப்படித்தான், ஆனால் எனக்கு அறுபத்தெட்டு. நீ தினமும் அப்படித்தான் எழும்புகிறாய் என்று பார்த்த உடனே விளங்கியது, கை போன இடமெல்லாம் பழகின இடம். நான் சத்தம் போடாமல் மேலே வந்துவிட்டேன்.

மேலே அம்மா நின்றாள். போவதற்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வான் விஷயம் தெரியாது என்று நான் நினைத்தது என் மடைத்தனம். “பொன்னுருக்கு, வாசல்படி எல்லாம் நான் சும்மா சொல்லுறனப்பா,” என்றாள். “உவன் இனி ஒருத்தற்ற வாசலிலயும் போய் என்னைப் பாருங்கோ, என்னைப் பிடிச்சிருக்கோ எண்டு நிக்கக்கூடாது. எத்தினை வாசல் நிண்டிட்டான். அதுதான் எனக்குக் கவலை.” சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆனபடியால் சொல்கிறேன் தம்பி. போகாதே. பையை வானிலிருந்து எடுத்துவிட்டேன், கராஜில் வைத்திருக்கிறேன். இதைப் புத்திமதி என்று எடுக்காதே, உனக்குப் புத்தி சொல்லும் தகுதியை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். இது நான் போடுகிற தடை. உன் வாழ்க்கையில் எந்தக் கிளப்பும் உன்னிடம் இனிப் போதும் என்று சொன்னதில்லை, எங்களுக்கு வேண்டாம், வேறெங்கும் பார் என்றுதான் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன், தகப்பன் என்ற உரிமையோடு சொன்னேன். இன்றைக்கு நான் சொல்கிறேன், போதும். நீ விளையாடினது போதும். நீ குறைவாக விளையாடவில்லை.

கோச்சுக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு. பொன்னுருக்கைச் சாட்டாதே, அம்மாவைச் சாட்டாதே, மதுரா பாவம், அவள் தலையில் ஒன்றையும் போடாதே. என்னுடைய அப்பா விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லு. முப்பத்திமூன்று வயதில் அப்பா விடவில்லையா என்று அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். நான் பிழையாக விளங்கியிருந்தால், உனக்கு உண்மையாகவே போகவேண்டும் என்று இருந்தால், மேலே வந்து என்னோடு சண்டை பிடி. நீ சண்டை பிடித்தால் அந்த நிமிடமே வானை எடுக்கிறேன், அம்மாவோடு நான் பட்டுக்கொள்கிறேன். ஆனால் “சரி அப்பா” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதே, அந்தச் சொல்லை நம்பித்தான் இவ்வளவு காலம் மோசம் போனேன்.

எனக்கு இது லேசில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இனி சனிக்கிழமைகளில் நான் ஏன் நடப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ கன்சாஸில் கடைசி நிமிடத்தில் அடித்திருப்பாய் என்று நான் சாகும்வரை நினைத்துக்கொண்டுதான் இருப்பேன், அது என் பாடு. உனக்கும் ஒருநாள் அந்த நினைப்பு வரும். ஒஷாவாவில் மழையில் நின்று பிள்ளைகளுக்கு விசில் ஊதும்போது வரும், மதுராவோடு ஏதாவது வாக்குவாதப்பட்டுவிட்டு வெளியில் வந்து நிற்கும்போது வரும். அந்த ஒருமுறை போயிருந்தால் என்று நெஞ்சுக்குள் குடையும். அப்போது என்னைத் திட்டு. வாய்விட்டுத் திட்டு, அப்பாதான் என்னைக் கெடுத்தவர் என்று மதுராவிடம் சொல்லு, பிறக்கப்போகிற பிள்ளைக்கும் சொல்லு, நான் இருந்தால் என் காது கேட்கச் சொல்லு. தகப்பனைக் குறை சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள். உன்னை நீயே குறை சொல்லிக்கொண்டு வாழ மட்டும் நான் விடமாட்டேன்.

அப்பா